தரையோடு தரையாக ஒரு மூக்கு: வேனுக்குள் கேஸ் அலாரம், 14 மாத அனுபவம்

உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா. முகப்பில் காற்று நுழைய ஏழெட்டுக் கீற்றுகள், பச்சையும் சிவப்புமாக இரண்டு விளக்குகள், ஒரு பொத்தான். பின்னால் நான்கு ஒயர். 12 வோல்ட்டில் ஓடும் கேஸ் அலாரம். கேரவன், படகு வைத்திருப்பவர்களுக்காகச் செய்தது. நான் வாங்கி வேலைக்குப் போகும் வேனில் மாட்டினேன். 14 மாதம் ஆகிறது. அதற்குள் ஒன்று செத்துப்போய் இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி இந்த வகை அலாரம் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. மீதியில் பாதி என் தப்பு.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். மாடித் தளம் ஒழுகாமல் இருக்கத் தார் மெம்பரேன், அதாவது தார் ஏற்றிய தடித்த விரிப்பு, ஒட்டுவது என் தொழில். ரோலைக் காலால் உருட்டிக்கொண்டே போக வேண்டும், அடிப்பக்கத்தைப் பெரிய பர்னரால் உருக்கிக்கொண்டே வர வேண்டும். பர்னருக்குப் புரொப்பேன் சிலிண்டர். வீட்டு அடுப்புக்கு ரெகுலேட்டர் விடுகிற அழுத்தம் 30 மில்லிபார் பக்கம்தான் இருக்கும். எங்கள் பர்னருக்கு அது காணாது. 2, 3 பார் வரை வைத்து ஓட்டுவோம், ஒரு பார் என்றால் ஆயிரம் மில்லிபார். அடுப்பைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. அப்படியென்றால் ட்யூபில் ஒரே அளவு கீறல் விழுந்தாலும் அடுப்பில் கசிவதைவிட எங்களிடம் பல மடங்கு வேகமாகக் கசியும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்துகொண்டே பல வருஷம் சிலிண்டரை வேனுக்குள் போட்டுக்கொண்டு சுற்றினேன்.

ஒருநாள் சாயங்காலம் மழை வருகிற மாதிரி இருந்தது. அவசர அவசரமாக எல்லாவற்றையும் வேனில் ஏற்றினோம். பர்னர் வால்வை மூடினேன். சிலிண்டர் வால்வை மூடவில்லை. யாராவது கேட்டிருந்தால் மூடினேன் என்றுதான் சொல்லியிருப்பேன், அவ்வளவு நிச்சயமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ட்யூப் நெடுக இரவு முழுக்க அழுத்தம் நின்றது. ட்யூபும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில், உலோகப் பூண் முடிகிற விளிம்பில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு.

காலையில் பக்கக் கதவைத் திறந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பல வருஷம் தார்ப் புகையில் நின்ற மூக்கு, அதுவும் நின்றுகொண்டிருக்கும் உயரத்தில். என்னிடம் வேலை செய்யும் பையன் ரோலை இழுக்கக் குனிந்தான்.

“அண்ணே, கீழ ஒரு வாடை அடிக்குதே.”

நானும் குனிந்தேன். முழங்காலுக்குக் கீழே முகத்தைக் கொண்டுபோனதும் அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி குப்பென்று அடித்தது. இடுப்பு உயரத்தில் ஒன்றுமே இல்லை.

அந்த வேனில் கதவைத் திறந்தால் எரிய வேண்டிய உள்விளக்கு பல மாதமாகப் பழுது. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ரிமோட் பூட்டும் கிடையாது, சாவி போட்டுத் திறக்கிற பழைய வண்டி. விளக்குக்கான கதவு சுவிட்சோ பூட்டின் மோட்டாரோ ஒரு சின்னப் பொறி விட்டிருந்தால் போதும். புரொப்பேனும் காற்றும் சரியான அளவில் கலந்திருந்தால் பற்றவைக்கக் கால் மில்லிஜூல் போதும் என்கிறார்கள். குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது சட்டென்று சொடுக்குகிறதே, அதில் இதைவிட அதிகம் இருக்கும். என் சோம்பேறித்தனம் என்னைக் காப்பாற்றியது. பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அந்த வாரமே அலாரம் வாங்கினேன்.

வாங்குவதற்கு முன் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். காற்றில் புரொப்பேன் 2.1 சதவீதம் சேர்ந்தால் பற்றிக்கொள்ளும், 9.5 சதவீதத்தைத் தாண்டினால் காற்று போதாமல் பற்றாது. என் வேனின் சாமான் பகுதி 3 மீட்டர் நீளம், 1.7 அகலம், 1.8 உயரம். சுமார் 9,000 லிட்டர் காற்று. அதில் 2.1 சதவீதம் என்றால் 190 லிட்டர் கேஸ். பெரிதாகத் தெரியும். ஆனால் புரொப்பேன் சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது, ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் 270 லிட்டர் கேஸாக விரியும். ஆக முக்கால் லிட்டருக்கும் குறைவு, எடையில் 350 கிராம் சொச்சம். முழு வேனையும் வெடிக்கிற கலவையாக்க அவ்வளவுதான் தேவை.

அதுகூட கேஸ் சமமாகக் கலந்தால். சட்டென்று கலக்காது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் கசிந்த கேஸ் தண்ணீர் மாதிரி தாழ்ந்த இடம் தேடிப் போகும். தரையிலிருந்து 20 சென்டிமீட்டருக்கு மட்டும் கணக்குப் போட்டால் 21 லிட்டர் கேஸ் போதும், 40 கிராம். திரவமாக அரை டம்ளர்கூட வராது. ஸ்டெப்னி வைக்கும் குழி, ஓட்டுநர் காலடிப் பள்ளம், சீட்டுக்கு அடியில் ஒயர் ஓடும் கால்வாய் எல்லாம் அதற்குத் தோதான இடங்கள். பேட்டரி சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டிகளை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வேனை மூடி வைத்துவிட்டுப் போவது வீட்டில் கசிவதைவிட மோசம் என்று நான் நினைப்பது இதனால்தான். வீட்டில் வாசல் இடுக்கு, ஜன்னல் இடுக்கு என்று ஏதாவது இருக்கும். வேன் கதவுகளில் மழைத் தண்ணீர் வராமல் இருக்கச் சுற்றிலும் ரப்பர் போட்டுச் செய்திருக்கிறார்கள். தண்ணீர் உள்ளே வராத இடத்தில் கேஸும் எளிதில் வெளியே போகாது.

சரி, அலாரத்துக்கு வருகிறேன்.

பொருத்துவது ஒரு மணி நேர வேலை. இரண்டு ஸ்க்ரூ, ஒரு ஃபியூஸ், பேட்டரிக்கு ஒயர். உயரம்தான் முக்கியம். புகை அலாரத்தை உச்சியில் மாட்டிப் பழகியவர்கள் இதையும் கண் உயரத்தில் மாட்டிவிடுவார்கள். நான் பார்த்த கேரவன் ஒன்றில் அழகாக மேல் அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே அது அலங்காரப் பொருள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், சிலிண்டர் இருக்கும் பக்கம், கதவிடுக்குக் காற்று நேராக அடிக்காத இடத்தில் இருக்க வேண்டும். நான் 15 சென்டிமீட்டரில் வைத்தேன். அந்த உயரத்தில் வைத்தால் ரோல் இடிக்கும், பூட்ஸ் உதைக்கும், தூசி அடைக்கும். முதல் வாரமே கீற்று ஒன்று உடைந்தது. கேரவனுக்குச் செய்த பிளாஸ்டிக் வேலை வேனுக்குத் தாங்காது. தகடு வளைத்து, பெரிய பெரிய ஓட்டை போட்டு, ஒரு கூண்டு செய்து மேலே மாட்டினேன். கூடவே ஒரு இரும்பு மூடியும் கொடுத்திருக்கலாம். குறை நம்பர் ஒன்று.

உள்ளே இருப்பது வெள்ளீய ஆக்சைடு சென்சார். 1960களில் ஜப்பானில் நவோயோஷி தகுச்சி என்பவர் உருவாக்கியது. அறுபது வருஷம் ஆகியும் அடிப்படை மாறவில்லை. ஒரு குட்டி ஹீட்டர் அந்த ஆக்சைடைச் சூடாகவே வைத்திருக்கும். எரியக்கூடிய வாயு பட்டால் அதன் மின்தடை இறங்கும், அதைப் பார்த்து அலாரம் அடிக்கும். சுவிட்ச் போட்டதும் சூடேறச் சில நிமிடம் ஆகிறது, அதுவரை பச்சை விளக்கு மினுக்கும், அந்தச் சமயத்தில் அதற்கு எதுவும் தெரியாது. அதனால் வண்டிச் சாவியோடு சேர்த்து ஒயர் கொடுக்கக் கூடாது. சாவியை எடுத்ததும் அலாரம் அணைந்துவிட்டால் இரவில் யார் காவல்? நேராக பேட்டரியில் இருந்து, எப்போதும் ஓடும்படி கொடுக்க வேண்டும். குறிப்பேட்டில் இது இருக்கிறது, பதினோராம் பக்கத்தில், பொடி எழுத்தில்.

எப்போதும் ஓடினால் பேட்டரி என்னாகும் என்று கேட்பீர்கள். மீட்டர் வைத்து அளந்தேன், 80 மில்லிஆம்பியர். நாளைக்கு 2 ஆம்பியர்-அவருக்குக் கொஞ்சம் கீழே. என் பேட்டரி 60 ஆம்பியர்-அவர். பாதி வரைதான் இறங்க விடுவேன் என்று வைத்தால் 15 நாள் வண்டி எடுக்காமல் நிறுத்தலாம். மழைக்காலத்தில் ஒருமுறை மூன்று வாரம் வேலை இல்லாமல் நிறுத்தினேன். பேட்டரி படுத்துவிட்டது. நீண்ட நாள் நிறுத்தினால் சிலிண்டரை இறக்கி வெளியே நிழலில் நிறுத்திவிட்டு ஃபியூஸைப் பிடுங்கிவிடுவது என்று இப்போது வழக்கம். சிலிண்டர் இல்லாத வண்டிக்கு அலாரம் எதற்கு?

இனி பொய் அலாரம். இந்தச் சென்சாருக்குப் புரொப்பேன் என்று தனியாக எதுவும் தெரியாது. எரியக்கூடிய ஆவி எது வந்தாலும் கத்தும். எங்களுக்கு மெம்பரேன் ஒட்டும் முன் தளத்தில் பிரைமர் அடிக்க வேண்டும், அது தாரைக் கரைப்பானில் கரைத்த சரக்கு. பிரைமர் டின் மூடி சரியாக இறுகாத அன்றெல்லாம் அலாரம் அடித்தது. முதல் மாதம் எட்டுத் தடவை. தின்னர் துணி, கை கழுவும் ஸ்பிரிட், பையன் வேலை முடிந்து அடித்துக்கொள்ளும் பாடி ஸ்ப்ரே எல்லாவற்றுக்கும் கத்தியது. பாடி ஸ்ப்ரேயில் இவ்வளவு சத்தம் போட என்ன இருக்கிறது என்று டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். தள்ளுவாயுவாகப் போட்டிருப்பது பியூட்டேனும் புரொப்பேனும். அப்புறம் அலாரத்தைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? மூடிய காருக்குள் அந்த ஸ்ப்ரேயைத் தாராளமாக அடித்துவிட்டு உடனே சிகரெட் பற்றவைப்பவர்கள் கண்ணாடி சிதறி வெளியே வந்த கதைகள் உண்டு. பிரைமர் ஆவியும் பற்றக்கூடியதுதான். ஆக அந்த எட்டையும் “பொய்” என்று எழுதுவதே கொஞ்சம் அநியாயம். டின்களுக்கு நல்ல மூடி வாங்கினேன், ஸ்ப்ரே முன் சீட்டிலிருந்து பையனின் பைக்கு மாறியது. இரண்டாம் மாதம் ஒரே ஒரு தடவைதான்.

மூன்றாம் மாதம் நிஜமாகவே அடித்தது.

மதியம். நான் மேலே தளத்தில் இருந்தேன். பையன் வேனின் முன் சீட்டைச் சாய்த்துக் கண்ணயர்ந்திருந்தான். ஜன்னல்கள் கொஞ்சம்தான் இறக்கியிருந்தன. அன்று காலையில்தான் புது சிலிண்டர் மாட்டியிருந்தோம். வேலை தொடங்குமுன் சோதிக்கலாம் என்று வால்வைத் திறந்து பார்த்தவன் மூடும்போது கடைசி அரைத் திருகு திருகவில்லை. ரெகுலேட்டர் இணைப்பில் இருக்கும் ரப்பர் வாஷர் ஒரு பக்கம் நசுங்கி மடிந்திருந்தது. சின்னக் கசிவு. சீறல் சத்தம்கூட இல்லை. பின்னால் சோப்பு நுரை போட்டுப் பார்த்தபோது மெதுவாக ஒன்றொன்றாக முட்டை விட்டது, அவ்வளவுதான்.

அலாரம் அடித்ததும் அவன் எழுந்தான், கதவைத் திறந்து வெளியே வந்தான், தூக்கம் கெட்ட கோபத்தில் தன் ஸ்ப்ரேதான் மறுபடி காரணம் என்று நினைத்துக் கீழேயிருந்து கத்தினான். நான் இறங்கி வந்து மண்டி போட்டு முகர்ந்த பிறகுதான் லேசாக வாடை தெரிந்தது. முன் சீட்டில் அவன் மூக்கு இருந்த உயரத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. தூங்குகிறவனை வாடை எழுப்பிவிடும் என்று நம்பவும் முடியாது.

இந்த அலாரம் 10 சதவீதத்தில் அடிக்கும்படி அமைக்கப்பட்டது. பற்றிக்கொள்ளும் அளவான 2.1 சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது காற்றில் 0.21 சதவீதம். கேஸில் சேர்க்கும் வாடைப் பொருளுக்கும் ஒரு கணக்கு உண்டு. பற்றிக்கொள்ளும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு எட்டும்போதே சாதாரண மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது அது. புரொப்பேனுக்குச் சொந்த வாடை கிடையாது, ஈத்தைல் மெர்காப்டன் கலந்துதான் நாறவைக்கிறார்கள். இந்தப் பழக்கம் பரவியதற்குப் பின்னால் ஒரு பெரிய துக்கம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் பள்ளியில், வாடையில்லாத இயற்கை எரிவாயு அடித்தளத்தில் சேர்ந்து வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதன் பிறகுதான் அங்கே கேஸுக்கு நாற்றம் சேர்ப்பது சட்டமானது.

ஆனால் நாற்றத்தையே முழுசாக நம்பினால் மூன்று இடத்தில் இடிக்கும். மூக்கு சீக்கிரம் பழகிவிடும். சில நிமிடம் அந்த வாடையிலேயே இருந்தால் வாடை போய்விட்டது என்று தோன்றும், போயிருக்காது. புது சிலிண்டரின் உள் இரும்பு, துரு எல்லாம் மெர்காப்டனை உறிஞ்சிக்கொள்ளும், வாடை மெலிந்துவிடும். மூன்றாவது என்னைப் போன்ற ஆட்கள். தார், தின்னர், சளி, வயது, எதனாலோ மூக்கு மந்தம். எனக்குத் தெரியாமலேயே மந்தம் என்பதுதான் அந்தக் காலையில் எனக்குத் தெரிந்த விஷயம்.

முதல் அலாரம் செத்த கதை. இதைக் குறை என்று எழுதுவதா, வாக்குமூலம் என்று எழுதுவதா தெரியவில்லை.

பொத்தானை அழுத்தினால் ‘பீப்’ என்று அடிக்கும். மாதம் ஒருமுறை அழுத்தி, அடித்ததும் திருப்திப்பட்டு எட்டு மாதம் ஓட்டினேன். ஒன்பதாம் மாதம் கம்பெனியே விற்கும் சோதனை வாயு ஸ்ப்ரே ஒன்று வாங்கிவந்து கீற்றின் மேல் அடித்தேன். பச்சை விளக்கு சாந்தமாக எரிந்துகொண்டிருந்தது. இன்னொரு முறை அடித்தேன். அதே சாந்தம். பொத்தானை அழுத்தினேன், கணீரென்று அடித்தது.

பொத்தான் சோதிப்பது பஸ்ஸரையும் மின்சுற்றையும் மட்டும். சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று அது கேட்பதே இல்லை. இதைப் பொத்தானின் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். குறை நம்பர் இரண்டு, என்னைக் கேட்டால் இதுதான் பெரிய குறை.

சென்சாரைக் கொன்றது எது? சிலிக்கான். இந்த வகைச் சென்சாருக்குச் சிலிக்கான் ஆவி விஷம். மேற்பரப்பில் கண்ணாடி மாதிரி படிந்து மூடிவிடும், அப்புறம் எந்த வாயுவும் உள்ளே போய்ச் சேராது. நான் செய்வதோ ஒழுகல் அடைக்கும் தொழில். வேன் நிறையச் சிலிக்கான் சீலன்ட் ட்யூப். அதில் பாதி மூடி தொலைந்தவை. அது போதாதென்று, அலாரத்துக்கு ஒயர் கொண்டுவரத் தகட்டில் போட்ட ஓட்டையை அழகாக அடைத்திருந்தேன், சென்சாரிலிருந்து நாலு விரல் தூரத்தில், எதால் என்று சொல்ல வேண்டுமா? வாரண்டி கேட்டேன். குறிப்பேட்டின் எச்சரிக்கைப் பக்கத்தைக் காட்டி மறுத்துவிட்டார்கள். வரி இருக்கத்தான் செய்தது. சண்டை போட எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவதை மாட்டும்போது ஓட்டைக்கு வெறும் ரப்பர் வளையம் போட்டேன். சீலன்ட் எல்லாம் வேனின் கூரைமேல் ஒரு தனிப் பெட்டிக்குப் போயிற்று. மாதா மாதம் சோதனை வாயு. லைட்டரைப் பற்றவைக்காமல் கேஸ் மட்டும் விட்டுச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கேஸ் இருக்கிறதா என்று பார்க்கிற இடத்தில் பொறி விடுகிற சாமானோடு உட்கார எனக்கு மனசு வரவில்லை.

கம்பெனி சரியாக யோசித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நான்கு ஒயரில் இரண்டு மின்சாரத்துக்கு, மற்ற இரண்டு உள்ளே இருக்கும் ரிலேவிலிருந்து, அதாவது அலாரம் அடித்தால் தானாகப் போடும் சுவிட்சிலிருந்து, வருபவை. சோலினாய்டு வால்வு, அதாவது மின்சாரத்தால் மூடும் வால்வு, மாட்டினால் அலாரம் அடிக்கும்போதே கேஸ் தானாக நிற்கும். அந்த வால்வு வீட்டு அழுத்தத்துக்கானது, என் பர்னர் அழுத்தத்துக்குப் பொருந்தாது. அதனால் அந்த ஒயரை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டேன். அலாரத்தின் சத்தம் 85 டெசிபல். பக்கத்தில் தூங்குகிறவனுக்குப் போதும். ஆனால் ராத்திரி யாருமில்லாத வேனுக்குள் அது எவ்வளவு கத்தினாலும் காலையில் கதவைத் திறக்கிற எனக்கு என்ன பயன்? திறந்த பிறகுதான் காதில் விழும், திறக்கிறதுதானே ஆபத்து. ஆக, வேனின் வெளியே, கதவுக் கைப்பிடிக்கு மேல், தண்ணீர் புகாத சிவப்பு எல்இடி ஒன்று. உள்ளே அலாரம் அடித்தால் வெளியே அது எரியும். கையைக் கைப்பிடியில் வைக்குமுன் கண் அங்கே போகிற பழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் வந்துவிட்டது. இந்த விளக்கைக் கம்பெனியே பெட்டியில் போட்டுக் கொடுத்தால் நான் இன்னொரு நட்சத்திரம் சேர்ப்பேன்.

எரிந்தால் என்ன செய்கிறோம் என்றால்: சுவிட்ச், போன் எதையும் தொடுவதில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்தலாமே என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். ஸ்டார்ட்டர் மோட்டாரைவிடப் பெரிய பொறி வேனில் வேறு எது? பக்கத்தில் யாரும் புகைபிடிக்கவில்லை என்று பார்த்துவிட்டு, பக்கக் கதவையும் பின்கதவையும் சாவியால் திறந்து விலகி நிற்போம். கேஸ் கனம் என்பதால் கதவின் அடிப்பக்கம் வழியாக வழிந்து இறங்கும், காற்று இல்லாத நாளில் அதற்கு நேரம் எடுக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கை எட்டினால் சிலிண்டர் வால்வை மூடுவேன், எட்டாவிட்டால் விட்டுவிடுவேன். எங்காவது சீறிக்கொண்டு, வால்வைச் சுற்றி வெள்ளையாய் உறைபனி படிந்திருந்தால் திரவமாகவே வருகிறது என்று அர்த்தம். அப்போது வால்வையெல்லாம் யோசிக்கக் கூடாது, தூரமாகப் போய் தீயணைப்புக்குப் போன் போட வேண்டும். எனக்கு அப்படி நேர்ந்ததில்லை. சிலிண்டரைப் படுக்க வைத்துக் கொண்டுபோகிறவர்களுக்கு நேரலாம். நிமிர்த்தி வைத்தால் பாதுகாப்பு வால்வுக்கு அடியில் ஆவி இருக்கும், படுக்க வைத்தால் திரவம் இருக்கும். திரவமாக வெளியே வந்தால் ஒவ்வொரு லிட்டரும் 270 லிட்டர் கேஸாகும் என்று மேலே போட்ட கணக்கு இங்கே உயிர்பெறும்.

வெயிலில் மூடி நிறுத்திய வேன் வேறு. 20 டிகிரியில் சிலிண்டருக்குள் அழுத்தம் 7 பாரைத் தாண்டி நிற்கும், 50 டிகிரியில் 16 பக்கம் போகும். சிலிண்டர் தாங்கும், 80 சதவீதம்தான் நிரப்பியிருப்பார்கள். அளவுக்கு மேல் நிரப்பிய சிலிண்டராக இருந்தால் திரவம் விரிய இடமில்லாமல் பாதுகாப்பு வால்வு திறந்து வேனுக்குள்ளேயே கேஸை விடும். வால்வு தன் வேலையைச் சரியாகத்தான் செய்யும், நாம்தான் அதைத் தப்பான இடத்தில் வைத்திருப்போம்.

அதனால் இந்த அலாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு வேலையை ஆறாம் மாதம் செய்தேன். வேனுக்குள் பின்பக்க மூலையில் இரும்புத் தகட்டில் ஒரு அலமாரி. கதவுக்கு ரப்பர், உள்பக்கம் எங்கும் இடுக்கு இல்லாமல் வெல்டிங். அடியில் வண்டித் தரை வழியாக நேராக வெளியே ஒரு துவாரம், சைலென்சரிலிருந்து தள்ளி. சிலிண்டர் அதற்குள் நிமிர்ந்து, பெல்ட் போட்டு. கசிந்தால் கேஸ் தெருவுக்குப் போகட்டும். அலாரத்தை அலமாரிக்குள் வைக்காமல் வெளியே வைத்தேன், உள்ளே கசிவது வெளியே வந்தால்தான் எனக்குத் தெரிய வேண்டும். அலமாரி வந்த பிறகு இந்த எட்டு மாதத்தில் கேஸுக்காக அலாரம் ஒருமுறைகூட அடிக்கவில்லை. அதில் முதல் சில மாதம் அது செத்துக் கிடந்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

இன்னொன்று. இதைக் கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வேனுக்குள் ஹீட்டர் பற்றவைத்துத் தூங்குபவர்களுக்கு அதுவும் வேண்டும், அது வேறு டப்பா, வேறு சென்சார், மாட்டுகிற உயரமும் வேறு. இரண்டையும் ஒன்றாகச் செய்த மாடல்கள் உண்டு. நான் வேனுக்குள் எதையும் எரிப்பதில்லை, அதனால் எடுக்கவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். சென்சார் நல்லது. பெட்டி பூஞ்சை. பொத்தான் ஏமாற்றுக்காரன். குறிப்பேடு எழுதியவர் வேலை வேனுக்குள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மறுபடியும் இதையேதான் வாங்குவேன், வாங்கியும் இருக்கிறேன்.

சென்சாரின் ஆயுள் 5 வருஷம். காலாவதி மாதம் டப்பாவின் முதுகில் அச்சிட்டிருக்கிறது, மாட்டிய பிறகு யாருக்கும் தெரியாத பக்கம். அதைப் பெயின்ட் மார்க்கரால் வேன் தகட்டில், அலாரத்துக்கு மேலே பெரிதாக எழுதிவைத்தேன். போன வாரம் பார்த்தால் அதற்குக் கீழே பையனின் கையெழுத்தில் ஒரு வரி: “இங்க சிலிக்கான் வைக்காதீங்க அண்ணே.”